ஆய்வு நெறிமுறைத் தாளை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: காரைக்குடிப் பகுதிக் கல்லூரி ஒன்றில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். முனைவர் பட்ட மாணவர்களுக்கான ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைத் தாளை நடத்தும் பொறுப்பு இவ்வாண்டு எனக்கு வந்துள்ளது. வரலாறு, வணிகவியல், வேதியியல் மாணவர்கள் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். விதிகளைச் சொன்னால் எழுதிக்கொள்கிறார்கள்; ஆனால் “ஒத்திருப்பு 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும்தானே?” என்பதைத் தவிர வேறு எதையும் கேட்பதில்லை. இவ்வகுப்பைப் பயனுள்ளதாக எப்படி நடத்துவது?

பதில்: அந்தக் கேள்விக்கு முதல் வகுப்பிலேயே விடை சொல்லி முடித்துவிடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஆய்வேட்டின் வரிகள் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு, அதாவது ஒத்திருப்பு, 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை இருந்தால் ஆய்வேட்டை ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைத் தர முடியாது. அதையும் தாண்டினால் பதிவே ரத்தாகும். இதைச் சொன்ன கையோடு, ஒத்திருப்பைச் சோதிக்கும் மென்பொருள் தன் தரவுத்தளத்தில் உள்ளவற்றோடு மட்டுமே ஒப்பிட்டுப் பார்க்கிறது என்பதையும் சொல்லுங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்துவைத்தவை போன்ற பழைய தமிழ் அச்சுப் பிரதிகளிலிருந்து ஒரு பத்தியை எடுத்து எழுதினால் அது அகப்படாமல் போகலாம். களத்துக்கே போகாமல் எண்களைப் புனைந்து எழுதியவரின் ஆய்வேடோ அந்தச் சோதனையில் மிகச் சுத்தமாகத் தேறிவிடும். ஆகவே விழுக்காட்டை நேர்மையின் அளவாகக் கொள்ள முடியாது என்பது மாணவர்களுக்கு உறைக்க வேண்டும்.

மானியக் குழு 2019இல் வகுத்த இந்தத் தாளுக்கு 2 மதிப்பலகு (கிரெடிட்), 30 மணி நேரம், ஆறு அலகுகள். அலகுகளின் வரிசையை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் இரண்டாம் வகுப்புக்கே ஒவ்வொருவரும் தம் ஆய்வு முன்மொழிவைக் கொண்டுவரட்டும். தன் ஆய்வில் எந்த இடத்தில் தவறிழைக்க வாய்ப்பிருக்கிறது, அங்கே தான் என்ன செய்யவேண்டும் என்பதை மாணவரே கண்டறிந்து சொல்லும்படி நடத்தினால்தான் இந்த 30 மணி நேரத்துக்கும் பொருள் இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

வரலாற்று மாணவர் ஒருவர் கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ ஒரு வளவுக்கு, அதாவது பழைய செட்டிநாட்டு வீட்டுக்கு, போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் கதவைத் திறந்துவிட்டு, பெட்டகத்திலிருந்து குடும்பம் பர்மாவில் வட்டித்தொழில் நடத்திய காலத்துப் பேரேட்டையும், இசைகுடிமானம் எனப்படும் திருமண ஒப்பந்த ஏடு ஒன்றையும் எடுத்துத் தருகிறார். மாணவர் அலைபேசியில் படமெடுக்கத் தொடங்குகிறார். இங்கே நிறுத்தி வகுப்பைக் கேளுங்கள்: ஒப்புதல் தர வேண்டியவர் யார்? பார்த்துக்கொள்பவருக்கு அந்த உரிமை இல்லை. வீடு பல பங்காளிகளுக்குப் பொதுவானது. அவர்களில் ஒருவர் சென்னையிலும் மற்றொருவர் சிங்கப்பூரிலும் இருக்கலாம். பேரேட்டில் கடன் வாங்கியவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் பக்கத்து ஊரில் இருக்கக்கூடும். இசைகுடிமானத்தில் ஒரு குடும்பத்தின் சீர் விவரம் இருக்கிறது. வீட்டு ஆச்சி “எடுத்துக்கோ அப்பச்சி” என்று வாஞ்சையோடு சொன்னாலும், அந்தப் படங்கள் ஆய்வேட்டில் அச்சாகி, ஆய்வேடுகளைத் தொகுத்து வைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி ஏறும் என்பது அவருக்குத் தெரியாத வரையில் அதை முழுமையான ஒப்புதலாகக் கொள்ள இயலாது.

எனவே, ஒப்புதல் கேட்பதை வகுப்பிலேயே தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பழக்குங்கள். “ஆச்சி, இந்த ஏட்டைப் படமெடுத்து என் ஆய்வில் சேர்க்க விரும்புகிறேன். இது இணையத்திலும் வரும். பெயர்களை மறைத்துவிடலாமா? பின்னால் வேண்டாம் என்று தோன்றினால் ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்பு சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன்.” இந்த நான்கு வாக்கியங்களைத் தடுமாறாமல் சொல்லத் தெரிந்த மாணவருக்கு ஒப்புதல் படிவம் தானாகவே விளங்கிவிடும். நேர்காணல் ஒலிப்பதிவை எழுத்தாக்குவதற்காக ஏதோ ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஏற்றுவதும், மூன்றாம் ஆளிடம் கொடுப்பதற்குச் சமம் என்பதை இதே வகுப்பில் சொல்லிவிடலாம்.

வணிகவியல் மாணவருக்கு, கையால் செய்யும் தரை ஓடுகளுக்குப் பெயர்பெற்ற ஆத்தங்குடி பொருத்தமான களம். கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றிக்கொண்டிருக்கும் தொழிலாளியிடம், முதலாளி பக்கத்தில் நிற்க, வருமானத்தைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் வரும்? முதலாளி பட்டறைக்குள் விடலாம்; பதில் சொல்வதா வேண்டாமா என்பதைத் தொழிலாளிதான் முடிவு செய்ய வேண்டும். வினாநிரலில் நோய், உடல்நலம் பற்றிய கேள்வி ஒன்று நுழைந்தால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அக்குழுவில் 7 முதல் 15 உறுப்பினர் இருப்பர். தலைவர் வெளியிலிருந்து வருவார். தரவு திரட்டிய பிறகு பின்தேதியிட்டு இந்த அனுமதியை வாங்க வழியில்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள். மாணவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். பின்பு, உள்ளபடியே நிரப்பிய பத்துப் படிவங்களையும், நீங்களே ஒரே இருக்கையில் உட்கார்ந்து நிரப்பிய பத்துப் படிவங்களையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். விடுபட்ட விடை இல்லாமை, ஓரத்தில் அடித்துத் திருத்தாமை, விடைகள் ஒரே பாங்கில் வருவது ஆகியவற்றை அவர்களே கண்டுபிடிப்பார்கள். புனைந்த தரவு பார்த்தவுடன் பிடிபடும் என்று தெரிந்தால் அதன் கவர்ச்சி பெரிதும் குறைந்துவிடும்.

வேதியியல் மாணவருக்குச் சிக்கல் வேறு. பத்து மின்கலங்கள் செய்து, நன்றாக இயங்கிய ஒன்றின் வரைபடத்தை மட்டும் காட்டுவது புனைவில் சேராது என்றாலும் உண்மையைத் திரிப்பதுதான். தேதியிட்டு, பக்க எண்ணிட்டு, தாள் கிழிக்காத குறிப்பேட்டை ஒவ்வொருவரும் வைத்திருக்கிறார்களா என்று மாதம் ஒருமுறை நெறியாளர் பார்த்துக் கையெழுத்திட்டால் போதுமானது.

ஆய்விதழ்த் தேர்வு பற்றி இப்போது சற்றுக் கூடுதலாகவே பேச வேண்டும். ஏற்கத்தக்க ஆய்விதழ்களைக் காட்டிவந்த தன் கேர் பட்டியலை மானியக் குழு 2025இல் கைவிட்டுவிட்டது; பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து முடிக்க இனி வழியில்லை. ஆசிரியர் குழுவில் இருப்பதாகச் சொல்லப்படுபவர்கள் உண்மையில் இருக்கிறார்களா, மதிப்பீடு எத்தனை நாளில் நடக்கிறது, எதற்குப் பணம் கேட்கிறார்கள் என்பவற்றை ஒவ்வொரு இதழுக்கும் மாணவரே சரிபார்க்கப் பழக வேண்டும்.

கடைசியாக நெறியாளர்களுக்கு வருகிறேன். பங்களிக்காத ஒருவரின் பெயரைக் கட்டுரையில் சேர்ப்பது முறைகேடு என்று நீங்கள் கற்பித்த அன்று மாலையே, மாணவரிடம் அப்படிச் சேர்க்கச் சொல்லப்பட்டால், எதிர்த்துப் பேசும் நிலையில் அவர் இருக்க மாட்டார். அந்தச் சுமையை அவர் தலையில் ஏற்றுவது நியாயமும் ஆகாது. ஆகவே பெயர் வரிசை பற்றிய வகுப்புக்கு மட்டுமாவது நெறியாளர்களை அழையுங்கள். யார் எந்த வேலையைச் செய்தார், யார் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதை மாணவரும் நெறியாளரும் ஒரு பக்கத்தில் எழுதி, கட்டுரை தொடங்கும் முன்பே இருவரும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை உங்கள் அலுவலகத்தில் வைக்கச் சொல்லுங்கள். வேலை மாறும்போது அந்தப் பக்கத்தையும் இருவரும் சேர்ந்து திருத்திக்கொள்ளலாம்.