நாராவின் பெரிய புத்தர்: எப்படி வார்த்தார்கள், கண் திறந்தது யார்?

கேள்வி: ஜப்பானின் நாரா நகரில் தோதாய்ஜி கோயிலில் உள்ள வெண்கலப் புத்தரை ஒரே வார்ப்பில் செய்தார்களா? கண் திறந்தவர் ஓர் இந்தியர் என்கிறார்களே, உண்மையா?

ஒரே வார்ப்பு இல்லை. கீழிருந்து மேலாக எட்டு அடுக்குகள், 747 முதல் 749 வரை. சுவாமிமலையில் செய்வதுபோல மெழுகில் உருவம் பிடித்து உருக்கி எடுப்பது, 15 மீட்டருக்கு மேல் உயரமான சிலைக்குச் சரிவராது.

முதலில் மரச்சட்டம் கட்டி, அதன்மேல் களிமண்ணில் முழு அளவு உருவம். அதன்மேல் மண் அப்பி, துண்டு துண்டாக வெளி அச்சு எடுத்துச் சுட்டார்கள். பிறகு உள் உருவத்தின் மேற்பரப்பை, வெண்கலம் எவ்வளவு கனம் வேண்டுமோ அந்த அளவுக்கு, ஏறக்குறைய 5 செ.மீ., சீவி எடுத்தார்கள். அச்சை மறுபடி பொருத்தினால் நடுவில் இடைவெளி கிடைக்கும். அது குறுகாமலிருக்க இடையிடையே உலோகத் துண்டுகளை முட்டுக் கொடுத்தார்கள். சுற்றிலும் மண்மேடு எழுப்பி, அதன்மேல் உலைகளை வரிசையாக வைத்து உலோகத்தை உள்ளே ஓடவிட்டார்கள். ஓர் அடுக்கு ஆறியதும் மேட்டை உயர்த்தி அடுத்தது. எட்டாவது முடியும்போது சிலையே மண்ணுக்குள் புதைந்துவிடும். அப்புறம் மேலிருந்து தோண்டிக்கொண்டே வரவேண்டும்.

சிக்கல் அங்கேதான் வெளியே தெரியும். கோயில் ஏட்டுக் கணக்கை இன்றைய அளவுக்கு மாற்றினால் செம்பு சுமார் 500 டன், வெள்ளீயம் எட்டரை டன். வெள்ளீயம் இவ்வளவு குறைந்தால் உருகச் சூடு அதிகம் வேண்டும், கலவை சரளமாக ஓடாது. ஆறிப்போன அடுக்கின்மேல் புது உலோகம் சரியாகப் பற்றாது. ஓட்டைகளையும் விளிம்புகளையும் ஒட்டு வார்ப்பால் அடைக்கவே பல வருடம் ஆனது. 827 வாக்கில் முதுகுப்புறம் மண்குன்று எழுப்பி முட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. 855-இல் தலையே கழன்று விழுந்தது.

பூச்சுக்குத் தங்கம் சுமார் 440 கிலோ, பாதரசம் இரண்டரை டன். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, சூடேற்றினால் பாதரசம் ஆவியாகித் தங்கம் தங்கும். அந்த ஆவியைச் சுவாசித்தவர்கள் கூலியாட்கள்.

இவ்வளவு செலவு எதற்கு? 735 முதல் 737 வரை பெரியம்மை கொன்று குவித்தது. அரசவையை ஆட்டிவைத்த ஃபுஜிவாரா சகோதரர் நால்வரும் 737-இல் அதில் மாண்டார்கள். 740-இல் கலகம். 743-இல் பேரரசர் ஷோமு சிலைக்கு ஆணையிட்டார். ஒரு கைப்பிடி மண் கொண்டுவருபவனையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். ஆள் திரட்டியவர் கியோகி என்ற துறவி. அவர் ஊர் ஊராகப் போய்ப் போதித்ததை 717-இல் கண்டித்த அதே அரசவைதான், 745-இல் அவருக்கு மிக உயர்ந்த துறவிப் பட்டம் கொடுத்தது. காரியம் ஆகவேண்டுமே! 749-இல் வடக்கே முத்சு மாகாணத்தில் தங்கம் கிடைத்ததும் ஷோமு சிலைமுன் நின்று தன்னை மும்மணிகளின் (புத்தர், தருமம், சங்கம்) அடிமை என்று அறிவித்தார்.

கண் திறந்தவர் போதிசேனர் என்பது உண்மை. அவரைத் தென்னிந்தியப் பிராமணத் துறவி என்றே ஜப்பானியப் பதிவுகள் சொல்கின்றன. குறிப்பிட்ட ஊர்ப்பெயர் சொல்பவர்களை நம்ப வேண்டாம். 736-இல் சம்பா நாட்டு (இன்றைய வியட்நாம் பகுதி) துறவி ஒருவரோடு சீனா வழியாக வந்தவர். 752-இல் கண் திறப்பு நடந்தபோது ஷோமு பதவி துறந்திருந்தார். அவருக்குப் பதிலாகப் போதிசேனர் கண்மணி வரையத் தூரிகை பிடித்தார். அதில் கட்டிய நீலப் பட்டுக் கயிற்றைக் கூட்டத்தினரும் பிடித்துக்கொண்டார்கள், புண்ணியத்தில் பங்கு கிடைக்க. அன்று தங்கப்பூச்சு முடிந்திருக்கவில்லை.

நீங்கள் இன்று பார்க்கும் தலை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்தது. 1180, 1567 தீவிபத்துகள் பழையதை அழித்தன. 8ஆம் நூற்றாண்டு வேலையை நேரில் பார்க்க, பீடத்தின் தாமரை இதழ்களில் உள்ள கோட்டுச் செதுக்கலைத் தேடுங்கள். தூரிகை ஷோசோயின் கருவூலத்தில் இருக்கிறது. 1185-இல் செப்பனிட்ட சிலைக்கு மறுபடி கண் திறக்க அதையேதான் எடுத்தார்கள்.