நுண்ணறிவு எண் 98: சுங்குடித் தொழில் தொடங்கலாமா?

இணையத் தேர்வில் நுண்ணறிவு எண் (IQ) 98 வந்ததால், வேலையை விட்டு, துணியில் முடிச்சிட்டுச் சாயமேற்றும் சுங்குடிச் சேலைத் தொழில் தொடங்கும் எண்ணத்தைக் கைவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்காகக் கைவிட வேண்டாம். அந்த அளவீட்டில் சராசரியே 100. மேலும், அறிவுக்கூர்மை மிக்க சிறுவர்களைப் பற்றி 1921இல் உளவியலாளர் டெர்மன் தொடங்கிய ஆய்வில் மதிப்பெண் போதாதென்று ஒதுக்கப்பட்ட ஷாக்லி, பின்னாளில் இயற்பியலில் நோபல் பரிசு பெற்றார். அறிவுக்கூர்மை கற்கும் வேகத்தைக் கூட்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நம் மதுரையில், மருத்துவர் வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வுபெற்று 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை வளர்த்தது, கண்புரை அறுவை சிகிச்சை ஒன்றையே செலவு குறையச் செய்யும் முறையைத் திரும்பத் திரும்பச் செப்பனிட்ட பொறுமை என்றே கருதுகிறேன்.

என் கவலை வேறு: துணி, முடிச்சுக் கூலி, சாயம் ஆகியவற்றோடு, கடைக்காரர் பணம் தர எடுக்கும் நாட்களையும் சேர்த்து ஒரு சேலையின் அடக்கவிலையைக் கணக்கிட்டீர்களா? வேலையை விடுமுன், விளக்குத்தூண் பக்கத்துக் கடைகள் இரண்டில் பத்துச் சேலைகள் கொடுத்துப் பாருங்கள்.