விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை

வணக்கம் மேடம்,

ஆஸ்டியோபதி (எலும்பு, தசை, மூட்டுகளைக் கையால் சோதித்துச் சிகிச்சை தரும் முறை) பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டை முடிக்கப்போகிறேன். உடற்கூறியல் எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வந்துவிடுகிறது. பிராக்டிகல் வகுப்பில்தான் தடுமாற்றம். “இடுப்பில் நான்காவது முள்ளெலும்பு வலப்பக்கம் திரும்பியிருக்கிறது” என்று மற்றவர்கள் சட்டென்று சொல்கிறார்கள். என் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படுவதில்லை. அவர்கள் சொன்னதையே நானும் சொல்லிவிட்டு வருகிறேன். மண்டையோட்டு எலும்புகளின் நுண்ணிய அசைவைக் கையால் உணரச் சொல்லும் வகுப்பில் இன்னும் மோசம். அடுத்த ஆண்டு கிளினிக் தொடங்குகிறது, பயமாக இருக்கிறது. எப்படிப் பயிற்சி எடுப்பது? கட்டைவிரல் இப்போதே வலிக்கிறது. இந்தப் படிப்பு எனக்கு ஒத்துவராதோ?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

ஒத்துவரும். ஆனால் ஒரு பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். தட்டுப்படாததைத் தட்டுப்பட்டதாகச் சொல்லாதீர்கள். “எனக்குத் தெரியவில்லை, காட்டுங்கள்” என்று சொல்லும் மாணவியின் விரலைப் பிடித்து ஆசிரியர் சரியான இடத்தில் வைப்பார். தலையாட்டும் மாணவியைக் கடந்து அடுத்த டேபிளுக்குப் போய்விடுவார்.

தட்டுப்படாததற்கு முதல் காரணம் பெரும்பாலும் அழுத்தம்தான். ஒன்றும் தெரியவில்லையே என்ற பதற்றத்தில் இன்னும் அழுத்துவோம். அழுத்த அழுத்தத் தோலுக்கடியில் உள்ள தசை இறுகும், விரல்நுனியும் மரத்துப்போகும். உங்கள் நகத்தைக் கவனியுங்கள். கட்டைவிரல் நகம் வெளுத்துவிட்டால் ஏறக்குறைய 4 கிலோ அழுத்தம் கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். வலி இருக்கும் புள்ளியைச் சோதிக்க அவ்வளவு வேண்டியிருக்கலாம். திசுவின் தன்மையை அறிய அதில் சிறு பங்கு போதும்.

அடுக்கு அடுக்காகப் போங்கள். முதலில் புறங்கையால் முதுகைத் தடவுங்கள்: எங்கே சூடு, எங்கே வியர்வை ஈரம்? பிறகு விரல்களைத் தோலின் மீது வைத்து, வழுக்காமல், தோலை மட்டும் நான்கு பக்கமும் நகர்த்துங்கள். எந்தப் பக்கம் சீக்கிரம் நின்றுவிடுகிறது என்று பாருங்கள். அடுத்தது தசை. நார்கள் ஓடும் திசைக்குக் குறுக்கே விரலை ஓட்டினால்தான் அதன் கட்டு தெரியும், அதே திசையில் ஓட்டினால் நழுவிப்போகும். தொட்டிருப்பது தசைதானா என்று சந்தேகம் வந்தால், குப்புறப் படுத்திருப்பவரைத் தலையை லேசாகத் தூக்கச் சொல்லுங்கள். முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் தசை விரலடியில் உடனே எழும். எலும்பு எழாது. நீங்கள் சொன்னது சரியா தவறா என்று இதுபோல உடம்பே பதில் சொல்லும் சோதனைகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இப்போது தேவை அதுதான்.

கழுத்தடியில் அப்படி ஒன்று உண்டு. உட்கார்ந்திருப்பவரின் கழுத்தடியில் துருத்தி நிற்கும் இரண்டு முட்களில் (முள்ளெலும்பின் பின்பக்க நீட்சிகளில்) ஒவ்வொரு விரலை வைத்துத் தலையை மெதுவாகப் பின்னால் சாய்க்கச் சொல்லுங்கள். ஆறாவது முள் முன்னால் நழுவி விரலை விட்டுப் போகும், ஏழாவது அப்படியே நிற்கும். அதிகம் துருத்துவதுதான் ஏழாவது என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே ஏமாறுவார்கள். சிலருக்கு அதற்குக் கீழே உள்ள முதல் மார்பு முள்ளெலும்புதான் பெரிதாக நிற்கும்.

அங்கிருந்து கீழே எண்ணுங்கள். தோள்பட்டை எலும்பின் கீழ்முனை ஏறக்குறைய ஏழாவது மார்பு முள்ளெலும்பின் மட்டத்தில் இருக்கும், கைகள் உடம்போடு ஒட்டியிருந்தால் மட்டும். டேபிளின் ஓரத்தில் கையைத் தொங்கப்போட்டால் தோள்பட்டை நகர்ந்துவிடும், கணக்கும் தவறும். நடுமுதுகின் முட்கள் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால், முள்முனையைத் தொடும்போது அதே எலும்பின் பக்க நீட்சி அதைவிட மேலே இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். இடுப்பெலும்பின் மேல்விளிம்புகளை இணைக்கும் கோடு நான்காவது இடுப்பு முள்ளெலும்பில் விழும் என்று படித்திருப்பீர்கள். எக்ஸ்ரேயில் அது ஏறக்குறைய சரி. கையால் தொடும்போது விளிம்பின் மேல் சதை இருப்பதால் கோடு ஒரு எலும்பு மேலே போய்விடுவது சகஜம். அதனால் மேலிருந்தும் எண்ணுங்கள், கீழிருந்தும் எண்ணுங்கள். இரண்டும் சந்திக்காவிட்டால் எங்கே ஒரு எலும்பு விட்டுப்போனது என்று தேடுங்கள். தோல் பென்சிலால் குறித்து, படம் எடுத்து, அழித்துவிட்டு, உங்கள் குறியைப் பார்க்காத இன்னொருவரைக் குறிக்கச் சொல்லி இரண்டு படங்களையும் ஒப்பிடுங்கள். படுத்திருந்த நிலை மாறக்கூடாது. உடம்பு அசைந்தால் தோலோடு குறியும் நகரும்.

தனியாக இருக்கும்போது ஒரு தலைமுடியைத் தாளுக்கடியில் வைத்துக் கண்ணை மூடித் தேடுங்கள். கிடைத்ததும் மேலே இன்னொரு தாள். பழைய பயிற்சிதான், ஆனால் லேசாகத் தொட்டால் அதிகம் தெரியும் என்பதை விரலே கற்றுக்கொள்ளும்.

இப்போது அந்த “வலப்பக்கம் திரும்பியிருக்கிறது” விஷயம். முள்முனைகள் பலருக்கும் பிறவியிலேயே கொஞ்சம் கோணலாக இருக்கும். முனை விலகியிருப்பதை மட்டும் வைத்து எலும்பு திரும்பிவிட்டது என்று சொல்லக்கூடாது. ஒரே முதுகை இரண்டு அனுபவசாலிகள் தொட்டுப் பார்த்து எலும்பு இருக்கும் நிலையைச் சொன்னால், அவர்கள் ஒத்துப்போவது குறைவு என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. தொட்டால் வலிக்கும் இடத்தைச் சொல்வதில் கூடுதலாக ஒத்துப்போகிறார்கள். ஆகவே வலி, அசைவில் இருபுற வேறுபாடு, திசுவின் இறுக்கம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றும் ஒரே இடத்தைக் காட்டினால் தைரியமாகச் சொல்லுங்கள். மண்டையோட்டு அசைவில் சோதிப்பவர்களிடையே ஒத்துப்போவது மிக மோசம். உங்களுக்கு அங்கே ஒன்றும் தெரியாததை உங்கள் கையின் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாடத்திட்டத்தில் இருப்பதால் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள், உணராததை உணர்ந்ததாக எழுதாதீர்கள்.

சிகிச்சை முறைகளில், தசையாற்றல் முறையை (நோயாளி தன் தசையால் மெல்ல அழுத்தித் தளரவிட, நீங்கள் அதை நீட்டும் முறை) முதலில் கைவசமாக்குங்கள். தொடையின் பின்தசையை எடுத்துக்கொள்வோம். மல்லாந்து படுத்தவரின் நேரான காலைத் தூக்குங்கள். முதல் எதிர்ப்பு கைக்குத் தெரிந்ததும் நிறுத்துங்கள். வலி வரும் வரை போனால் தசை தற்காப்புக்கு இறுகிவிடும், அதற்குப்பின் செய்வதெல்லாம் வீண். குதிகாலை உங்கள் தோளின் மேல் வைத்து, தன் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கால் கீழே அழுத்தச் சொல்லுங்கள். 5 முதல் 7 விநாடி. தளரவிட்டு, மூச்சை வெளிவிடும்போது அடுத்த எதிர்ப்பு வரை தூக்குங்கள். மூன்று தடவை போதும். பலன் கிடைக்காவிட்டால் பெரும்பாலும் அவர் முழுப் பலத்தோடு அழுத்தி இடுப்பைத் தூக்கியிருப்பார், அல்லது அவர் தளரும் முன்பே நீங்கள் தூக்கியிருப்பீர்கள்.

மூட்டைச் சட்டென்று தள்ளும் முறையில் சத்தத்தைத் துரத்தாதீர்கள். மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழ் உருவாவதால் வருவது அது. சிகிச்சை பலித்ததா என்பதை அது சொல்லாது. ஒருமுறை சத்தம் வந்த மூட்டு ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு மறுபடி சத்தம் போடாது. அதற்காகத் திரும்பத் திரும்பத் தள்ளுபவர்கள்தான் வலியை உண்டாக்குகிறார்கள். மூட்டின் தளர்வை முழுதும் எடுக்காமல் தள்ளுவதும், அசைவின் வேகத்தைக் கூட்டாமல் தூரத்தைக் கூட்டுவதும்தான் வழக்கமான பிழைகள். சக மாணவரின் கழுத்தை ஒரே நாளில் பலர் பழகப் பயன்படுத்த விடாதீர்கள்.

கிளினிக் பயத்துக்கு மருந்து, கைவேலையைவிட விசாரணைதான். உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட ஆஸ்டியோபதி பயிற்சி அளவுகோலில் மொத்தம் 4,200 மணி நேரத்தில் குறைந்தது 1,000 மணி நேரம் மேற்பார்வையுள்ள நோயாளிப் பயிற்சி. கை அங்கே பழகிக்கொள்ளும். தொடக்கூடாத நோயாளியை அடையாளம் காண்பதை நீங்கள் இப்போதே படித்து முடித்திருக்க வேண்டும். முதுகுவலியோடு பிறப்புறுப்பைச் சுற்றியும் உட்காரும் இடத்திலும் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் தேங்குவது, இரண்டு கால்களும் பலவீனமாவது என்றால் அன்றே அவசர சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக முதுகுவலி, காரணமில்லாத எடைக்குறைவு, காய்ச்சல், நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவருக்குத் திடீர் வலி: எதையும் கேட்காமல் விடாதீர்கள். கழுத்துவலியோடு இதுவரை வராத மாதிரி தலைவலி, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், முகத்தில் மரத்துப்போதல் எதுவும் இருந்தால் கழுத்துத் தமனி கிழிந்திருக்கலாம். அந்தக் கழுத்தில் சிகிச்சையாகக் கை வைக்கக்கூடாது, உடனே மருத்துவமனை. கழுத்துவலியோடு வரும் எல்லோருக்கும் இரத்த அழுத்தம் பாருங்கள்.

காலுக்கு இறங்கும் வலி என்றால் முழங்காலில் தட்டி அனிச்சைத் துடிப்பைப் பார்ப்பது நான்காவது இடுப்பு நரம்புக்கு, குதிகால் தசைநாணில் தட்டுவது முதல் திரிக நரம்புக்கு (இடுப்புக்குக் கீழே உள்ள திரிக எலும்பிலிருந்து வருவது). ஐந்தாவது இடுப்பு நரம்புக்கு நம்பகமான தட்டல் கிடையாது. கால் பெருவிரலை மேலே தூக்கும் பலத்தைத்தான் பார்க்க வேண்டும். மாணவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

கட்டைவிரல் வலியை இப்போதே கவனியுங்கள். நுனிமூட்டைப் பின்னால் வளைத்து அழுத்தினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். நேராக வைத்து மறு கையின் உள்ளங்கையால் தாங்குங்கள். பெரிய தசைகளுக்கு முன்கையைப் பயன்படுத்துங்கள். டேபிளின் பக்கத்தில் நின்று கையைத் தொங்கவிட்டால் விரல்கணுக்கள் டேபிளைத் தொடும் உயரம் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக வரும். அதைவிட உயரமாக இருந்தால் உடல் எடையைப் பயன்படுத்த முடியாமல் முழுப் பாரமும் கட்டைவிரலில்தான் இறங்கும். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.