மகளை டார்பிக்கு அனுப்பலாமா?

அன்புள்ள அக்கா,

போன கிழமை ஃபோனில் கேட்டீர்கள்: "இந்த பிரிட்டனில் தொழிற்சாலைகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடுகிறார்கள். இவள் அங்கே போய் என்ன செய்யப் போகிறாள்?" ஐந்து நிமிடத்தில் ஆறுதல் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை அது. அதனால்தான் எழுதி அனுப்புகிறேன் என்றேன். அத்தானிடமும் காட்டுங்கள்.

மகள் இயர் 12. கணிதம், மேலதிக கணிதம், பௌதிகவியல் மூன்றையும் விரும்பிப் படிக்கிறாள். மருத்துவம் வேண்டாம், நேரே யூனிக்குப் போகவும் மனமில்லை, இங்கிலாந்தின் நடுவில் இருக்கிற டார்பியில், விமான இன்ஜின் செய்கிற இடத்தில் டிகிரி அப்ரென்டிஸ்ஷிப் (வேலை செய்தபடியே பட்டம் படிப்பது) எடுக்க வேண்டும் என்கிறாள். அவளுடைய ஆசைக்கு வருமுன் உங்கள் பயத்தைப் பார்த்துவிடுவோம்.

பயத்தில் நியாயம் இருக்கிறது. 2016இல் பிரிட்டனில் 17 இலட்சத்துக்கு மேல் கார்கள் செய்தார்கள். 2024இல் அது 8 இலட்சத்தைத் தொடவில்லை. இடையில் ஃபோர்டின் பிரிஜெண்ட் இன்ஜின் தொழிற்சாலை, ஹொண்டாவின் சுவிண்டன் தொழிற்சாலை, பிறகு 2025இல் வொக்ஸ்ஹோலின் லூட்டன் வான் தொழிற்சாலை எல்லாம் மூடப்பட்டன. வேல்ஸில் போர்ட் டால்பட் உருக்காலையின் கடைசி ஊது உலை 2024 செப்டம்பரில் நின்றது. பிளைத்தில் பெரிய பேட்டரி ஆலை வரப்போகிறது என்றார்கள். அந்தக் கம்பனி ஆலையைக் கட்டி முடிக்காமலே 2023 ஜனவரியில் விழுந்தது. தொழிற்சாலைகள் கட்டுகிற மின்கட்டணமோ வளர்ந்த நாடுகளிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. இவற்றை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆலோசனை சொல்ல எனக்கு மனம் வராது.

இனி இன்னொரு பக்கம். நீங்கள் இல்ஃபோர்டில் ஏறுகிற எலிசபெத் லைன் ரயில் எங்கே செய்தது தெரியுமா? டார்பியில். மகள் போக வேண்டும் என்கிற அதே ஊர். அந்த ரயில் தொழிற்சாலைக்கு 2024இல் கையில் வேலை இல்லாமல் போனது. எலிசபெத் லைனுக்கு இன்னும் பத்து ரயில் வாங்குவது என்று முடிவான பிறகுதான் மூச்சு விட்டார்கள். இந்த நாட்டின் தொழில் நிலைமை முழுவதும் அதற்குள் இருக்கிறது. செய்யத் தெரிந்த கைகள் இருக்கின்றன. அடுத்த ஓர்டர் எப்போது வரும் என்ற உறுதிதான் இல்லை.

ஊரில் திருவிழாவுக்குக் கொழும்பு போகும்போது ஸ்ரீலங்கனின் ஏ330 விமானத்தில் போயிருப்பீர்கள். அதன் ட்ரெண்ட் 700 இன்ஜின் டார்பியின் ரோல்ஸ் ரொய்ஸ் தயாரிப்பு. அதன் இறக்கைகள் வடக்கு வேல்ஸில் ப்ரோட்டன் என்ற இடத்தில் ஏர்பஸ் செய்தவை. இத்தகைய இன்ஜின்களுக்குள் சூடான வாயு தள்ளிச் சுழற்றுகிற டர்பைன் பிளேட் என்ற தகட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் மகள் எதில் மயங்கிப் போயிருக்கிறாள் என்பது அப்போதுதான் புரியும்.

அந்த பிளேடைச் சுற்றி ஓடுகிற வாயுவின் வெப்பம், பிளேட் செய்த உலோகமே உருகிப் போகும் அளவைவிட அதிகம். ஆனாலும் அது உருகுவதில்லை. உள்ளே நுணுக்கமான துளைகள் வழியாகக் காற்று ஓடி அதைக் குளிர்விக்கிறது. சாதாரண உலோகத் துண்டு என்றால் அதற்குள் ஆயிரக்கணக்கான சிறு படிகங்கள் ஒட்டிக் கிடக்கும். சூட்டில் இழுவிசை வந்தால் அந்த ஒட்டுகள்தான் முதலில் நெகிழும். அதனால் பிளேட் முழுவதையும் ஒரே படிகமாக வளர்த்து எடுக்கிறார்கள். முதலில் மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றிப் பீங்கான் ஓடு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுவார்கள். நம் கோயில் சிலைகளை வார்க்கிறவர்கள் கையாளும் அதே மெழுகு வார்ப்புதான், அக்கா. யோர்க்ஷயரில் ரொதரம் என்ற ஊரில் இதற்கென்றே ஓர் ஆலை இருக்கிறது.

இதை எதற்கு இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? எங்கே செய்தாலும் ஒன்றுதான் என்கிற பொருள்கள் பெரும்பாலும் இந்த நாட்டை விட்டுப் போய்விட்டன. செய்யக் கடினமானவை தங்கியிருக்கின்றன: விமான இன்ஜின், இறக்கை, பாரோவில் கட்டுகிற நீர்மூழ்கிகள், பந்தயக் கார்கள். ஃபோர்முலா வன் அணிகளில் பெரும்பாலானவை மில்டன் கீன்ஸ், பிராக்லி, சில்வர்ஸ்டன், வோக்கிங் என்று இந்த மண்ணிலேதான் கார் செய்கின்றன. அங்கெல்லாம் வரைகிறவரும் செய்கிறவரும் ஒருவரை ஒருவர் தினமும் பார்க்க வேண்டியிருக்கிறது. கணினியில் அழகாக வரைந்த ஒரு மூலையை எந்த வெட்டும் கருவியாலும் எட்ட முடியாது என்று மெஷின் ஷொப்பில் இருக்கிறவர்தான் வந்து சொல்வார். அந்தப் பேச்சு நடக்கிற இடத்தில் உங்கள் மகள் தொழில் பழக வேண்டும். மற்ற எந்த அறிவுரையையும்விட இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன்.

வடிவமைப்பு மட்டும் தனியாக வாழ முடியாதா? முடியும். கேம்பிரிட்ஜில் இருக்கும் ஆர்ம் என்ற கம்பனி பல ஆண்டுகளாக சிப்பை வடிவமைத்துக் கொடுத்தே உலகம் முழுவதும் பரவியது. டைசன் 2002இல் வக்கூம் கிளீனர் தயாரிப்பை மலேசியாவுக்குக் கொண்டுபோனபின்னும் மாம்ஸ்பரியில் வடிவமைப்புக் கூடத்தை வைத்திருக்கிறது. ஆனால் 18 வயதில் தொடங்குகிறவளுக்கு இரும்பும் எண்ணெயும் பக்கத்தில் இருப்பது நல்லது. இருபத்தைந்து வயதுக்கு மேல் அந்தப் பழக்கத்தைத் தேடிப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மிகவும் சிரமப்படுகிறார்கள்.

அப்ரென்டிஸ்ஷிப் என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் முகம் வாடியிருக்கும் என்று தெரியும். "படிக்காத பிள்ளைகள் போகிற வழி" என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். டிகிரி அப்ரென்டிஸ்ஷிப் 2015இல் தொடங்கியது. மூன்று முதல் ஆறு ஆண்டுகள். கிழமையில் ஒரு நாளோ, சில கிழமைகள் சேர்த்தாற்போலவோ பல்கலைக்கழக வகுப்பு. மீதி நாள் வேலை. சம்பளம் உண்டு, முடிவில் பட்டமும் உண்டு, கட்டணத்தில் ஒரு பவுண்டும் பிள்ளை கட்ட வேண்டியதில்லை. யூனிக்குப் போனால் 2025-26 கணக்கில் ஆண்டுக்கு 9,535 பவுண்ட் கட்டணம். கடன் எடுத்தால் திருப்பிக் கட்டும் காலம் 40 ஆண்டு வரை போகலாம். பெரிய கம்பனிகளில் ஓர் அப்ரென்டிஸ் இடம் கிடைப்பது நல்ல பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதைவிடக் கடினமாக இருக்கலாம்.

கஷ்டங்களையும் சொல்கிறேன். மூன்று மாதக் கோடை விடுமுறை கிடையாது. மாணவர் விடுதி, பராமரிப்புக் கடன் என்று எதுவும் வராது. 18 வயதில் தன் சம்பளத்தில் வாடகை கட்டி, காலையில் தானே எழும்பி வேலைக்குப் போக வேண்டும். பெண்பிள்ளை என்பதால் இன்னொன்றும் உண்டு. ஏ லெவல் பௌதிகவியல் எடுக்கிறவர்களில் பெண்கள் சுமார் நான்கில் ஒரு பங்குதான். வேலைத்தளத்தில் அதைவிடக் குறைவு. இதைக் காரணம் காட்டி அவளைத் தடுக்காதீர்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அங்கே இருக்கிற இளம் பெண் பொறியியலாளர் ஒருவரோடு பத்து நிமிடம் பேசக் கேட்கச் சொல்லுங்கள்.

கம்பனியிடம் அவள் கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம்? அதை இயந்திரப் பொறியியலாளர் நிறுவனமோ, ஐஇடி என்கிற பொறியியல் தொழில்நுட்ப நிறுவனமோ அங்கீகரித்திருக்கிறதா? முதல் இரண்டு ஆண்டில் எத்தனை மாதம் மெஷின்களோடு? இந்த அங்கீகாரம் ஏன் முக்கியம் என்றால், பிரிட்டனில் 'இன்ஜினியர்' என்ற பட்டத்தைச் சட்டம் காப்பதில்லை. பொய்லர் திருத்த வருகிறவரையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். அவர் வேலையில் குறை எதுவும் இல்லை, ஆனால் உங்கள் மகளுக்கு ஒரு டொக்டருக்குக் கிடைக்கிற மாதிரியான தொழில் அடையாளம் வேண்டுமென்றால் 'சார்ட்டர்ட் இன்ஜினியர்' என்ற நிலைக்குப் போக வேண்டும். அந்தப் பெயரைத் தகுதி பெறாதவர் போட்டுக்கொள்ள முடியாது.

ஒரே கம்பனியை நம்பலாமா என்று அத்தான் கேட்பார். கூடாது. ரோல்ஸ் ரொய்ஸே 1971இல் ஒரு புது இன்ஜினின் செலவில் மூழ்கி, அரசு எடுத்து நடத்த வேண்டி வந்தது. 2020இல் விமானங்கள் நின்றபோது உலகம் முழுவதும் 9,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. இன்று சிறிய அணு உலைகளுக்கு அரசு தேர்ந்தெடுத்திருப்பதும் அவர்களைத்தான். ஏறும், இறங்கும். பிள்ளையின் கையில் இருக்க வேண்டியது ஊர் மாறினாலும் கூடவே வருகிற தொழில்: வரைபடம், அளவுத் துல்லியம், பொருளின் குணம், கணினியில் அழுத்தமும் வெப்பமும் சோதிப்பது. இவை தெரிந்தவளுக்கு ஹல்லில் காற்றாலை இறக்கை செய்கிற இடமும், பிரிஜ்வோட்டரில் டாட்டா குழுமம் கட்டுகிற பேட்டரி ஆலையும், 2035ஐக் குறிவைத்து இத்தாலி, ஜப்பானோடு சேர்ந்து செய்கிற போர் விமானமும் திறந்திருக்கும்.

கடைசியாகச் சொன்னதில் ஒரு சிக்கல். பாதுகாப்பு, அணு சம்பந்தமான இடங்களில் குடியுரிமையும், இங்கே வாழ்ந்த காலமும் பார்ப்பார்கள். மகளுக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்துவிட்டீர்களா? இன்னும் ஐஎல்ஆரில்தான் (குடியுரிமை இல்லாமல் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) இருக்கிறாள் என்றால் இந்த வருடமே அந்த வேலையைத் தொடங்குங்கள்.

யாழ்ப்பாணத்தில் உங்கள் தங்கச்சியின் மகன் இங்கே எம்எஸ்ஸி படிக்க வர நினைக்கிறான் என்றீர்கள். அவனுடைய கணக்கு முற்றிலும் வேறு. படிப்பு முடிந்தபின் வேலை தேடத் தங்குகிற கிராஜுவேட் விசாவுக்கு 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிற முதுகலை மாணவர்களுக்கு 18 மாதம்தான். வேலை விசாவுக்குப் பொதுவான சம்பள எல்லை 41,700 பவுண்ட். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. பாதுகாப்புத் துறைக் கதவுகள் அவனுக்குப் பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். காணியை ஈடு வைத்து வர வேண்டாம் என்று சொல்லுங்கள்.

விண்ணப்பம் பற்றி: இரண்டு வழியிலும் போடட்டும். யூகாஸ் வழியாகப் பல்கலைக்கழக விண்ணப்பம் ஒருபுறம் நடக்கட்டும். அப்ரென்டிஸ் இடங்களுக்குப் பொதுவான கடைசித் திகதி கிடையாது. இலையுதிர் காலத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து, சில சீக்கிரமே மூடிவிடும். செப்டம்பரிலிருந்து கிழமைக்கு ஒரு தரமாவது பார்க்க வேண்டும்.

அப்புறம், செய்தியில் பார்த்து முடிவெடுக்காமல் ஒருமுறை நேரில் போய் வாருங்கள். செயிண்ட் பாங்க்ராஸில் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்தில் டார்பி. ஆற்றங்கரையில் 1721இல் கட்டிய பட்டு ஆலை இருந்த இடத்தில் இப்போது மியூசியம் ஒஃப் மேக்கிங் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேலே ஒரு முழு ட்ரெண்ட் 1000 இன்ஜினைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மகளை அதன் கீழே நிறுத்தி, ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்று உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். எந்தச் சனிக்கிழமை போகிறீர்கள் என்று எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். அதற்கு முன் அவளுடைய சீவியை அனுப்பச் சொல்லுங்கள், திருத்தி வைக்கிறேன்.