நீலகிரியில் உண்ணிப் புதர் மண்டிய நிலத்தை புல்டோசரும் வேர்க் கலப்பையும் வைத்துச் சுத்தம் செய்யலாமா?

கோத்தகிரி பக்கம் கைவிட்டுப் போன தேயிலை நிலம், இப்போது முழுக்க உண்ணிச்செடியும் (லாண்டானா) சீகை மரமுமாக (சீயக்காய் இல்லை, வாட்டில் மரம்) கிடக்கிறது, டெக்சாஸில் புல்டோசர் பின்னால் கனமான கலப்பையைப் பூட்டிப் புதர்க்காட்டையே வேரோடு கிளப்புகிற வீடியோ பார்த்தேன், அதை இங்கே செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யாதீர்கள். நான் இதே சரிவுகளில் விவசாயம் செய்கிறவன், ஏன் கூடாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்தக் கலப்பை என்ன செய்கிறது என்று பார்க்கணும். அது நம்ம ஊர் ஏர் மாதிரி மண்ணைப் புரட்டுவதில்லை. பத்தடிக்கும் மேல் அகலமான ஒரு தட்டையான வெட்டுத் தகடு, பெரிய செயின் வண்டிக்குப் பின்னால், தரைக்கு 8 முதல் 14 அங்குலம் கீழே படுத்தவாக்கில் போகும். போகிற வழியில் இருக்கிற வேரையெல்லாம் அறுத்துக்கொண்டே போகும். தெற்கு டெக்சாஸில் அவர்களுக்குத் தலைவலி மெஸ்கீட் மரம், நம்ம ராமநாதபுரத்துச் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். மேலே வெட்டினால் அது சாகாது, மண்ணுக்குள் இருக்கிற கட்டையிலிருந்து நாலு மடங்காகத் துளிர்க்கும். அந்தத் துளிர் வருகிற இடத்துக்கும் கீழே அறுத்தால்தான் ஒழியும். அதற்காகவே உருவான கருவி அது, அந்தச் சமவெளியில் வேலையும் செய்கிறது. ஆனால் அங்கேயும் சும்மா முடிவதில்லை. இருந்த புல்லும் சேர்ந்து போய்விடும், திரும்ப விதைக்கணும் (அங்கே பல இடங்களில் விதைத்தது நம்ம கொழுக்கட்டைப் புல்தான்). சப்பாத்திக்கள்ளி இருக்கிற நிலமாக இருந்தால் மடல் மடலாக உடைந்து சிதறி, விழுந்த இடத்திலெல்லாம் வேர்விடும்.

இதைக் கொண்டுவந்து நம்ம சரிவில் ஓட்டினால் என்ன ஆகும்? சமவெளியில் வேர்ப்படலத்தை அறுத்து மண்ணை இளக்கிவிட்டால் பெய்கிற மழை உள்ளே இறங்கும், அவர்களுக்கு அது லாபம். இங்கே மேல்மண்ணைக் கீழே இருக்கிற மண்ணோடு தைத்து வைத்திருப்பதே அந்த வேர்கள்தான். ஒரு அடி ஆழத்தில், சரிவுக்கு இணையாக, முழு நிலத்துக்கும் ஒரே வெட்டாகப் போட்டுவிட்டால், ஐப்பசி மழைத் தண்ணீர் அந்த வெட்டில் இறங்கி நிற்கும், மேலே இருக்கிற மண் வழுக்கிக்கொண்டு போக வேறென்ன வேண்டும்? 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியது, அந்த மழையில் மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். உங்கள் நிலத்துக்குக் கீழே யாராவது குடியிருக்கிறார்களா என்று ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சட்டமும் விடாது. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் நீலகிரியில் ஜேசிபி, பொக்லைன், புல்டோசர் எதையும் மண்ணில் இறக்க முடியாது. மரம் வெட்ட 1955-ஆம் வருடத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பட்டா நிலமாகவே இருந்தாலும் பொருந்தும். சீகை அந்நிய மரம்தானே என்று கேட்காமல் வெட்டிவிடாதீர்கள்.

சரி, அப்புறம் எப்படித்தான் எடுப்பது? உண்ணிச்செடிக்குக் கைவேலையே போதும், டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு வகுத்த முறை இருக்கிறது, உத்தராகண்டில் இருக்கிற கார்பெட் காடுகளில் அப்படித்தான் எடுத்தார்கள். தண்டும் வேரும் சேருகிற இடத்தில் முண்டு முண்டாக ஒரு கட்டை இருக்கும், துளிர் எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. செடியைச் சுற்றித் தோண்டவே வேண்டாம். ஒருவர் கவைக்கோலால் புதரை ஒருபக்கமாகத் தூக்கிப் பிடிக்கணும், இன்னொருவர் கொத்துக் கருவியின் முனையை முண்டுக்கு அடியில் சாய்வாகக் கொடுத்து, மண்ணுக்குள் இரண்டு விரற்கடை ஆழத்தில் ஆணிவேரை ஒரே வெட்டாக வெட்டணும். முண்டு முழுசாக வெளியே வந்ததா என்று கையில் எடுத்துப் பாருங்கள், பாதி உள்ளே நின்றால் அது திரும்ப வரும். பிறகு செடியைத் தலைகீழாக, வேர் வானத்தைப் பார்க்கிற மாதிரி, கவிழ்த்துப் போடணும். ஈரமண்ணில் தண்டு பட்டுக் கிடந்தால் அதுவே வேர்விடும். கையுறையும் முழுக்கை சட்டையும் கட்டாயம், அந்தச் சுணை உடம்பில் பட்டால் ராத்திரியெல்லாம் அரிக்கும்.

தை, மாசியில் ஆரம்பியுங்கள். வடகிழக்கு மழை முடிந்து மண் இளகி இருக்கும், அடுத்த பெருமழைக்கு நாள் இருக்கும். மொத்த நிலத்தையும் ஒரே மூச்சில் மொட்டையாக்காமல், சரிவுக்குக் குறுக்கே பட்டை பட்டையாக எடுத்து, எடுத்த பட்டையில் கோடை மழையோடு புல் பிடித்த பிறகு அடுத்த பட்டைக்குப் போங்கள். தேயிலைத் தோட்டங்களில் மறுநடவுக்கு முன்னால் குவாத்தமாலா புல் போட்டு மண்ணைத் தேற்றுவது பழைய வழக்கம், அதுவே இதற்கும் நல்லது, விளிம்புகளில் வெட்டிவேர் வைக்கலாம்.

இன்னொன்று, அந்தப் புதருக்குள் கரடி படுத்திருக்கலாம், கோத்தகிரியில் இது சாதாரணம். காலையில் போனதும் கொஞ்ச நேரம் தகரம் தட்டி, சத்தம் கொடுத்துவிட்டு, சாலைப் பக்கத்திலிருந்து வேலையை ஆரம்பியுங்கள், காட்டுப் பக்கம் அது வெளியேற வழி இருக்கட்டும்.

சீகை விஷயம் வேறு. அதன் விதை மண்ணுக்குள் பல பத்து வருடம் உயிரோடு கிடக்கும். மண்ணைக் கிளறி வெயில் பட வைத்தாலோ தீ வைத்தாலோ கீரைப்பாத்தி மாதிரி முளைத்து வரும், அதனால் இயந்திரம் அதற்குத்தான் ரொம்பக் கெடுதல். பழனி மலையில் சீகைத் தோப்பு நிழலுக்குள்ளேயே சோலை மரக்கன்றுகள் (இந்த மலைகளின் சொந்தக் காட்டு மரங்கள்) தானாக வந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் நிலத்தில் பெரிய சீகைகள் நிற்கிற மூலையைத் தொடாமல் விட்டு, அடியில் என்ன முளைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். சின்னச் சீகைக் கன்றுகளை மழை விட்ட மறுநாள் கையாலேயே பிடுங்கிவிடலாம்.

செலவு கூடுதலாகத் தோன்றும், ஆனால் எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் கொடுக்க வேண்டியதில்லை. பெரிய உண்ணிச்செடிகள் போன பிறகு இரண்டு மூன்று வருடம், மழைக்குப் பின், சின்னான் குருவிகள் வந்து உட்காருகிற மரங்களுக்கு அடியில் மட்டும் ஆள் விட்டுப் பாருங்கள். பழத்தைத் தின்று எச்சம் போடுவது அங்கேதான், புதுக் கன்றுகளில் பெரும்பங்கு அங்கேதான் கிடைக்கும்.