சினிமாவும் பாட்டும் நாடுகளுக்கிடையே, மதங்களுக்கிடையே புரிதலை உண்டாக்குமா?

உண்டாக்கும். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், 'பாட்டுக் கேட்டா பகை தீருமா' என்று யாரோ உங்களை மட்டம் தட்டியிருப்பார்கள் போலிருக்கிறது. ஊரில் என்னிடமும் பலர் அப்படிக் கேட்டுவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

2011 முதல் 6 வருஷம் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். ஒரே அறையில் ஆறு பேர். புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் நாங்கள் மூன்று பேர், மலையாளிகள் இரண்டு பேர், பாகிஸ்தானின் பைசலாபாத்தைச் சேர்ந்த டிரைவர் ஒருவர். என் கட்டிலுக்குக் கீழ்க்கட்டில் அவருடையது. ஒரு மாதம் வரை முகம் கொடுத்துப் பேசியதில்லை. நான் முருகன் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தினால் அவர் எழுந்து வெளியே போய்விடுவார். நான் பார்த்த சினிமாக்களில் பாகிஸ்தான்காரர் என்றாலே கையில் துப்பாக்கிதான். அதைத் தாண்டி எனக்கு எதுவும் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை துணி தேய்த்துக்கொண்டே ஏ.ஆர். ரஹ்மானின் 'வந்தே மாதரம்' ஆல்பத்தைப் போனில் ஓடவிட்டிருந்தேன். அதில் புகழ்பெற்ற பாகிஸ்தான் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கான் பாடும் பாட்டு வந்தது. தொழுகை முடித்து வந்து படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார். "இது எங்க ஊர்க்காரர் குரலாச்சே!" நுஸ்ரத் பிறந்தது பைசலாபாத்தில் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இது இந்திய சுதந்திரத்தின் 50ஆம் ஆண்டுக்காக 1997இல் வந்த ஆல்பம் என்று அரைகுறை இந்தியில் சொன்னேன். அவர் நம்பவில்லை. அதே வருஷம் ஆகஸ்டில்தான் நுஸ்ரத் இறந்தார் என்று சொல்லிவிட்டு, திரும்பப் போடச் சொன்னார். மூன்று தடவை கேட்டோம். இசையமைத்தவர் மெட்ராஸ்காரர் என்றதும் என் தோளில் தட்டினார். அப்புறம் அவர் சொன்ன ஒன்று என்னை உலுக்கிவிட்டது. பைசலாபாத்தின் பழைய பெயர் லயால்பூர். பகத்சிங் பிறந்த கிராமம் அந்த மாவட்டத்தில் இருந்தது. பகத்சிங்கைப் பாடத்தில் படித்தவன் நான். அவர் பிறந்த ஊர் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது என்று ஒரு வாத்தியாரும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு ஊதுபத்திக்கு அவர் எழுந்து போகவில்லை.

'எல்லையில் நிற்கிறவன் வீட்டில் போய் இதைச் சொல்' என்று கீழே யாராவது எழுதுவீர்கள். என் சித்தப்பா மகன் ராணுவத்தில் இருந்தவன்தான். பாட்டு காஷ்மீர்ப் பிரச்சினையைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவே இல்லை.

2016 செப்டம்பரில் காஷ்மீரின் உரியில் ராணுவ முகாம் மீது தாக்குதல் நடந்தபோது எங்கள் அறையிலும் பேச்சு நின்றுபோனது. இந்தியாவில் ஜிந்தகி சேனலில் ஓடிய பாகிஸ்தான் நாடகங்களை நிறுத்தினார்கள், பாகிஸ்தானில் இந்திய நிகழ்ச்சிகளுக்குத் தடை போட்டார்கள். நான்காம் நாள் ராத்திரி அந்த டிரைவர்தான் டீ போட்டு என் டம்ளரையும் நிரப்பினார். போனில் அவர் நாட்டுச் செய்தி விவாதம் ஒன்றைக் காட்டினார், நான் நம் ஆட்களுடையதைக் காட்டினேன். ஒருவருக்கொருவர் அர்த்தம் சொல்லிப் பார்த்தால் இரண்டிலும் அதே கத்தல், நாட்டின் பெயர் மட்டும்தான் வேறு. போனை அணைத்துவிட்டோம். அந்தப் பாட்டு இல்லாமல் இருந்தால் அந்த டீ வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.



2025 மே மாதம், காஷ்மீரில் நடந்த பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, பாகிஸ்தான் தொடர்களையும் பாட்டுகளையும் எடுத்துவிடும்படி ஓடிடி தளங்களுக்கு நம் அரசு சொல்லிவிட்டது. அந்த டிரைவர் நண்பர் அனுப்பும் சில இணைப்புகள் இங்கே திறப்பதில்லை. இப்போது அவர் மகளுக்கு நிக்காஹ் வைத்திருக்கிறார். நான் போக முடியாது, இங்கிருந்து மொய் அனுப்பவும் வழி தெரியவில்லை. துபாயில் இருக்கும் என் மச்சான் மூலம் அவருடைய தம்பியிடம் கொடுத்துவிடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.