கூடத்தில் பாடுவது அடுப்படிக்கும் வருமா?

போன இதழில் பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுவது பற்றி எழுதியிருந்தேன். ஏற்றியாயிற்று, ஆனால் பாட்டெல்லாம் மாடி அறைக் கணினிக்குள்ளேயே அடைந்து கிடக்கிறதே என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. இந்த முறை முழுக்க அதுதான்.

கேள்வி: 400 சிடிக்களைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறேன். கணினி மாடியில். கீழே கூடத்தில் 1988-ல் வாங்கிய ஆம்ப்ளிஃபயரும் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ்களும், அடுப்படியில் ஒரு மினி காம்போ செட்டும் இருக்கின்றன. செல்போனிலிருந்து புளூடூத்தில் பாட்டுப் போட்டால், போனோடு நான் மாடிப்படி ஏறியதும் அறுந்துவிடுகிறது. எல்லா அறைக்கும் புது வயர்லெஸ் ஸ்பீக்கர் வாங்கச் சொல்கிறான் மகன். வாங்கவா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

பதில்: வேண்டாம் ஐயா. முதலில் அந்த ஆம்ப்ளிஃபயரைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். 40 வருடம் சால்டரிங் அயர்ன் பிடித்த கை சொல்கிறது: அந்தக் காலத்து ஆம்ப்பில் வயதாவது பெரும்பாலும் கெபாசிட்டர்களும் வால்யூம் கன்ட்ரோலும்தான். இரண்டையும் மாற்றலாம். இன்றைய ஒட்டு மொத்தமாக மூடிய ஸ்பீக்கரில் ஒன்று போனால் எல்லாம் போயிற்று.

புளூடூத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பக்கத்தில் இருக்கிற ஒரு போனும் ஒரு ஸ்பீக்கரும் பேசிக்கொள்வதற்காக வந்த சங்கதி அது. நடுவில் ஒரு சுவர் வந்தால் திணறும், யாராவது கூப்பிட்டால் பாட்டு நின்றுவிடும். கோளாறு என்னவென்றால், உங்கள் வீட்டில் பாட்டு முழுவதும் போன் வழியாகப் போகிறது. போகவே கூடாது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சமையல்காரர், பந்தியில் பரிமாறுகிறவர், ஓரமாக நின்று "அந்த இலைக்கு ரசம்" என்று கைகாட்டுகிற பெரியப்பா. மாடிக் கணினியில் ஓடும் சர்வர் மென்பொருள் சமையல்காரர். ஒவ்வொரு அறையிலும் ஆம்ப்புக்குப் பக்கத்தில் உட்காரும் சின்னப் பெட்டி பரிமாறுகிறவர். அதற்குப் பிளேயர் என்று பெயர். உங்கள் போன் வெறும் பெரியப்பா. அவர் எழுந்து வெளியே போனாலும் பந்தி நடந்துகொண்டேயிருக்கும்.

சர்வருக்கு நான் பத்து வருடத்துக்கும் மேலாக நம்பியிருப்பது லிரியன் மியூசிக் சர்வர். இலவசம். இதற்கு ஒரு கதை உண்டு. கலிஃபோர்னியாவில் ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் 2000-க்குப் பிறகு ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற பிளேயர்களைச் செய்து விற்றது. அவற்றுக்குப் பாட்டு அனுப்ப எழுதப்பட்டதுதான் இந்த சர்வர். 2006-ல் லாஜிடெக் அந்த நிறுவனத்தை வாங்கியது, 2012-ல் பெட்டிகளை நிறுத்தியது. ஆனால் சர்வரின் மூலநிரல் திறந்த மூலம். பெட்டி நின்றாலும் ஆர்வலர்கள் நிரலை விடவில்லை. 2024-ல் பெயரை மட்டும் லிரியன் என்று மாற்றிக்கொண்டு இன்றைக்கும் ஓடுகிறது.

பிளேயருக்கு ராஸ்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ போதும். சூயிங்கம் பாக்கெட் அளவு போர்டில் அடங்கிய குட்டிக் கணினி. அதில் ஹெட்போன் துளை கிடையாது என்பதால் மேலே ஒரு 'டாக்' போர்டு செருக வேண்டும். எண்களை ஒலியாக மாற்றுவது அதன் வேலை. பின் வரிசை சால்டர் செய்து வருகிற ராஸ்பெரி பையாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் 40 புள்ளி ஈயம் வைக்க என்னைப் போல ஒருவரைத் தேட வேண்டியிருக்கும். மெமரி கார்டில் பைகோர்பிளேயர் என்ற இலவச மென்பொருளை ஏற்றுங்கள். நம் ஊருக்கு அது பொருத்தம். கார்டிலிருந்து எல்லாவற்றையும் நினைவகத்துக்கு இழுத்துக்கொண்டு அங்கிருந்தே ஓடுகிறது. திடீரென்று கரண்ட் போனாலும் கார்டு கெடுவது அபூர்வம். சாதாரண முறையில் ஓட்டிய பைகளில் ஒரே மழைக்காலத்தில் மூன்று கார்டுகளை இழந்த பிறகுதான் நான் இதற்கு மாறினேன்.

டாக்கிலிருந்து சிவப்பு-வெள்ளை வயர் ஆம்ப்பின் ஆக்ஸ் துளைக்கு. மினி காம்போவுக்கும் அதே மாதிரி ஒன்று. அவ்வளவுதான்.

மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கடையில் வாங்கும் ஸ்பீக்கர் பத்து நிமிடத்தில் பாடும், இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். நானும் ஒருமுறை சோம்பல்பட்டு ஒரே கம்பெனியின் மூன்று பெட்டிகள் வாங்கினேன். இரண்டு வருடம் கழித்து அவர்கள் செயலியை மாற்றினார்கள். அதற்கப்புறம் இன்டர்நெட் இல்லாத நாளில், என் வீட்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கும் பாட்டை என் வீட்டுக் கூடத்தில் போட முடியவில்லை. உள்ளே நுழைய அவர்களிடம் கணக்கு இருக்க வேண்டுமாம்! பெட்டிகள் பரண் மேல் இருக்கின்றன.

கேள்வி: கூடத்திலும் அடுப்படியிலும் ஒரே பாட்டுத்தான் பாடுகிறது. ஆனால் நடுவில் ரேழியில் நின்றால் திருவிழாத் தெருவில் நிற்பது போல இரட்டை இரட்டையாகக் கேட்கிறது. ஆரம்பத்தில் சரியாக இருந்து, போகப் போகத்தான் விலகுகிறது. ஏன்?
– இல்லத்தரசி, மதுரை

பதில்: "போகப் போக" என்று கவனித்து எழுதினீர்களே அம்மா, பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

தெருவில் வரிசையாகக் கட்டிய குழாய் ஸ்பீக்கர்கள் எல்லாம் ஒரே ஆம்ப்பிலிருந்து ஒரே கணத்தில் பாடுகின்றன. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும் என்பதால், தூரத்துக் குழாயின் சத்தம் தாமதமாக வந்து சேர்கிறது. உங்கள் வீட்டில் தூரம் காரணமில்லை, கடிகாரம்.

ஒவ்வொரு பிளேயருக்குள்ளும் ஒரு கிரிஸ்டல் இருக்கிறது. விநாடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்து எழுதிய எண்கள்) என்ற சிடியின் கணக்கை அளந்து விடுவது அதுதான். இரண்டு கிரிஸ்டல் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. பத்து லட்சத்துக்கு வெறும் 50 வித்தியாசம் என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 180 மில்லிசெகண்ட் ஆகிவிடும். ஒலி அறுபது மீட்டர் கடக்கிற நேரம் அது. அதாவது உங்கள் அடுப்படி செட், ஒரு மணி நேரத்தில் மெதுவாக நகர்ந்து தெருக்கோடிக் குழாய் ஆகிவிட்டது.

இரண்டு பிளேயரிலும் தனித்தனியாக ஒரே பாட்டைத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்யாமல், சர்வரிலேயே இரண்டையும் ஒரு குழுவாகச் சேர்த்துவிடுங்கள். 'சிங்க்' என்று இருக்கும். யார் எங்கே இருக்கிறார் என்று சர்வர் அடிக்கடி கேட்டு, முந்துகிறவரைக் கொஞ்சம் நிறுத்தி, பிந்துகிறவரைக் கொஞ்சம் தாண்டவிட்டு ஓட்டும். காதுக்குத் தெரியாது. ஆம்ப்பே தாமதம் செய்கிற சில செட்டுகள் உண்டு (என் வீட்டு ஹோம் தியேட்டர் அப்படி). அதற்கு அந்தப் பிளேயரின் அமைப்பில் மில்லிசெகண்டில் எண் கொடுக்கலாம். ஒரு தாளவாத்தியப் பதிவைப் போட்டு, ரேழியில் நின்று, மிருதங்க அடி ஒன்றாகும் வரை எண்ணை மாற்றுங்கள். நான் 10, 10 ஆகக் கூட்டிப் பார்ப்பேன்.

ஒரு அறையில் புளூடூத் ஸ்பீக்கர் வைத்திருந்தால் அதைக் குழுவில் சேர்க்காதீர்கள். மெனக்கெடுவது வீண்.

கேள்வி: கச்சேரி இறுவட்டுகளை எம்பி3 ஆக்கிக் கணனியில் வைத்திருக்கிறேன். ஆலாபனை முடிந்து கிருதி தொடங்கும் இடத்தில் ஒரு விக்கல் கேட்கிறது. இன்னொன்று, ஒரே பாடகி மூன்று பேராகப் பட்டியலில் நிற்கிறார்.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: விக்கல் எம்பி3-யின் பிறவிக் குணம். அது பாட்டை 1152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக, அதாவது சுமார் 26 மில்லிசெகண்ட் துண்டுகளாக வெட்டி வைக்கிறது. பாட்டு சரியாகத் துண்டின் எல்லையில் முடியாது. மீதி இடத்தை மௌனம் நிரப்பும், தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் சேரும். சினிமாப் பாட்டில் யாருக்கும் தெரியாது. தம்பூரா நிற்காமல் ஓடும் கச்சேரியில், தம்பூரா ஒரு கணம் செத்துப் பிழைத்தால் உடனே தெரிந்துவிடும். எம்பி3 ஆக்கித் தரும் லேம் என்ற மென்பொருள் எவ்வளவு மௌனம் சேர்த்தோம் என்று கோப்பிலேயே குறித்து வைக்கும். குறிப்பைப் படிக்கத் தெரிந்த பிளேயர் வெட்டிவிடும். இறுவட்டு கையில் இருக்கும்போது அந்தச் சுற்றுவழி எதற்கு? தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் என்ற கோப்பு வகையில் மறுபடி ஏற்றுங்கள். ஒரு மாதிரிகூடக் கூடாது, குறையாது.

பாடகி விஷயம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. என்னிடம் எம்.எஸ். சுப்புலட்சுமி ஒரு காலத்தில் ஏழு பேர். புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டவர், விடாதவர், 'சுப்புலக்ஷ்மி', ஆங்கில எழுத்தில் நான்கு விதம். கணினிக்கு ஒரு எழுத்து மாறினால் ஆளே வேறு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் உங்கள் வீட்டு எழுத்துமுறையை எழுதி வைத்துக்கொண்டு, கோப்பின் தலைப்புகளைத் திருத்தும் எம்பி3டேக் போன்ற மென்பொருளில் எல்லாவற்றையும் ஒரே மாதிரி மாற்றுங்கள். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் பெயரிட்ட பழைய கோப்புகள் இப்போது ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகத் தெரியும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றினால் தமிழ் திரும்பி வந்துவிடும். ஃப்ளாக்கில் நம் விருப்பத்துக்குப் புதுத் தலைப்பும் சேர்க்கலாம். நான் 'ராகம்' என்று ஒன்று சேர்த்திருக்கிறேன். சாயங்காலம் கல்யாணி மட்டும் போடு என்றால் போடும்.

கேள்வி: எங்களுடையது பழைய செட்டிநாட்டு வீடு. சுவர் ஒன்றரை அடிக்கு மேல். முகப்பில் இருக்கும் வைஃபை இரண்டாம் கட்டுக்கு வரவில்லை. ஃப்ளாக் பெரிய கோப்பு என்பதால் விட்டு விட்டுப் பாடுகிறதா?
– வாசகி, காரைக்குடி

பதில்: கோப்பின் மேல் பழி போடாதீர்கள். சிடித் தரம் சுருக்காமலே விநாடிக்கு 1411 கிலோபிட்தான், ஃப்ளாக் அதிலும் குறைவு. உங்கள் சுவர்தான் காரணம். ராஸ்பெரி பை 4-ல் நெட்வொர்க் வயர் செருகும் லேன் துளை இருக்கிறது. இரண்டாம் கட்டுக்கு அதை வைத்து, ரௌட்டரிலிருந்து ஒரு கேட் 6 வயர் இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை போகும். சுவரைக் கொத்தவும் வேண்டாம். கேபிள் டிவி வயர் எப்படியோ உள்ளே வந்திருக்கிறதே, அதே வழியில் வரட்டும்.

கேள்வி: பிளேயரை இணைத்ததும் காட்டுக் கத்தல் கத்துகிறது. வால்யூம் குறைத்தாலும் ஒலி பிசிறடிக்கிறது.
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: போனோ என்று எழுதிய துளையில் செருகியிருக்கிறீர்கள் தம்பி. அது இசைத்தட்டு முள்ளின் துளி மின்சாரத்தைச் சுமார் நூறு மடங்கு பெருக்குவதற்கு. ஆக்ஸ் அல்லது சிடி துளைக்கு மாற்றுங்கள். அங்கே 'ம்ம்ம்' என்று இரைந்தால் எர்த் சுற்று, அதாவது இரண்டு செட்டும் வெவ்வேறு வழியில் எர்த்தைத் தொடுகின்றன. அதற்காக பிளக்கின் எர்த் பின்னை யாராவது வெட்டச் சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள். எல்லாப் பிளக்கையும் ஒரே பலகையில் செருகிப் பாருங்கள். போகவில்லையென்றால் சிவப்பு-வெள்ளை வயரின் நடுவில் பாட்டை விட்டு எர்த் இணைப்பை மட்டும் பிரிக்கும் ஒரு ஐசொலேட்டர் போடுங்கள்.

கேள்வி: இதற்காக நாள் முழுக்கக் கணினி ஓட வேண்டுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பெரிய கணினி வேண்டாம். பேட்டரி இன்னும் அரை மணி நேரம் தாங்குகிற பழைய லேப்டாப் இருந்தால் அதுவே சர்வர், அதுவே யுபிஎஸ். பாட்டு இருக்கும் ஹார்ட் டிஸ்குக்கு ஒரு நகல் எடுத்து உறவினர் வீட்டில் வைத்துவிடுங்கள். மூடினாலும் லேப்டாப் தூங்காதபடி செட்டிங்கை மாற்ற மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன். நிரவல் உச்சத்துக்குப் போகும்போது வீடு முழுக்க அடங்கிவிட்டது, அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள் வீட்டுக்காரி.